காவலர் அடித்ததைக் கண்டவர்கள் சாட்சியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவலர் தாக்குதல் புகார்களுக்கு வாக்குமூலம் எழுதும் வழக்கறிஞர்களோடு நெடுநாளாக வேலை செய்கிறேன். அண்மையில் எங்களோடு சேர்ந்த இளைஞர்கள் கொண்டுவரும் காகிதங்களைப் படித்தால், தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் அப்படியே திரும்பி வருகின்றன. பயந்து ஓடாதீர்கள், கை நடுங்காமல் படம் எடுங்கள் என்பன போன்ற அறிவுரைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. வழியில் போனவருக்குக் கை நடுங்கத்தான் செய்யும்.

கூடிப் பேசி ஒரே கதையை எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்தின் வாசலில், மாங்காய் லோடு ஏற்றி வந்த வண்டியின் கிளீனர் பையனை ஒரு காவலர் லத்தியால் தொடையில் அடித்தார். டீக்கடைக்காரர், பூக்கட்டும் அம்மா, ஆட்டோ ஓட்டுநர், ஒரு கல்லூரி மாணவர் ஆகிய நால்வர் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். எங்கள் பகுதியில் இப்படி நால்வர் துணிவதே அரிது. அன்றிரவே கடையில் உட்கார்ந்து பேசி, டீக்கடைக்காரர் சொல்லச் சொல்ல மாணவர் எழுத, மற்றவர்கள் அதையே படியெடுத்துக் கையெழுத்திட்டார்கள். நான்கு தாளிலும் 'வலது தொடை' என்று இருந்தது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டிலோ காயம் இடது தொடையில் இருந்தது.

டீக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பையன் அவருக்கு எதிர்முகமாக நின்றதால், அவருடைய வலப்பக்கம் தெரிந்ததை வலது தொடை என்று சொல்லிவிட்டார். ஆனால் விசாரணை அதிகாரி ஆட்டோ ஓட்டுநரிடம், "நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டார்.

"பையனுக்குப் பின்னாடிங்க ஐயா."

"அப்படியானால் உங்களுக்கும் அது எப்படி வலதாகத் தெரிந்தது?"

ஓட்டுநர் பதில் சொல்லாமல் டீக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். புகார் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. உண்மையைக் கண்ட நால்வரும் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தவர்கள் என்று அறிக்கையில் பதிவானார்கள்.

அந்த அம்மாவின் தாளை நினைத்தால்தான் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு பூக்கட்டிக்கொண்டிருந்தவர். லத்தி விழும் சத்தத்தையும், "ஐயா, அடிக்காதீங்க" என்று பையன் கதறியதையும் காதால் கேட்டவர். அப்படியே எழுதியிருந்தால் அதுவும் நேரடிச் சாட்சியமே; கேட்கக்கூடிய ஒன்றைத் தாமே கேட்டவர் சொல்வதை பாரதிய சாட்சிய சட்டத்தின் 55ஆம் பிரிவு அவ்வாறே ஏற்கிறது. மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, அவரும் 'பார்த்தேன்' என்று எழுதினார்.

இதை எத்தனை முறை விளக்கினாலும், புதிதாக வரும் இளைஞர்கள், "நாலு பேரும் ஒண்ணா சொன்னாத்தானே சார் கேஸ் நிக்கும்?" என்று கேட்கிறார்கள். நிற்காது. வெவ்வேறு இடத்தில் நின்றவர்களுக்குச் சம்பவம் வெவ்வேறாகத்தான் தெரியும். சிறு முரண்பாடுகளுக்காக நீதிமன்றங்கள் சாட்சியத்தைத் தள்ளிவிடுவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, அன்றிரவே, தம் பேச்சிலேயே எழுத வேண்டும்: எங்கே நின்றேன், எந்தப் பக்கம் பார்த்தேன், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, நடுவில் எது மறைத்தது, எதைப் பார்க்கவில்லை. எழுதத் தெரியாதவர் சொல்வதை, அவரைத் தனியே உட்காரவைத்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, படித்துக் காட்டிக் கைரேகை பெற வேண்டும்.

அரூர் வட்டத்துப் பழங்குடியினர் கிராமமான வாச்சாத்தியில், அரசு ஊழியர்கள் புகுந்து மக்களைத் தாக்கிய கொடுமை நடந்தது 1992 ஜூன் 20 அன்று. வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையைச் சேர்ந்த 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று. அங்கே சாட்சி சொன்ன மக்கள் தாங்கள் பட்டதைச் சொன்னார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் கடன் வாங்கிய வாக்கியம், அத்தனை ஆண்டு கழித்து வரும் குறுக்கு விசாரணையில் யாருக்கும் நினைவுக்கு வராது.

காணொளியைக் குழுவில் போட்டுவிட்டு மூலத்தை அழிப்பது

சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் 2025 ஜூனில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில் இறந்த வழக்கில், கோயில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து எடுத்த சிறு காணொளியே உண்மையை வெளிக்கொண்டு வந்தது. நம் ஊரில் பலர், காணொளிக்குப் பாட்டுச் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, இடம் போதவில்லை என்று மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் வழியே சாதாரண காணொளியாகப் போவது சுருக்கப்பட்ட படி. எடுத்த நேரமும் இடமும் அதில் தங்குவதில்லை. மூலம் எடுத்த போனிலேயே இருக்கட்டும். அந்தப் போனை விற்கவோ 'ரீசெட்' செய்யவோ வேண்டாம். படியை நீதிமன்றத்தில் கொடுக்க அதே சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் கணினிக் குறியீட்டையும், குறிக்க வேண்டும்.

குறுக்கே புகுந்து காவலரின் கையைப் பிடிப்பது

வேண்டாம். சாட்சியாக இருந்தவர் அரசு ஊழியரைத் தடுத்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார்.

பெயர் தெரியவில்லை என்று விட்டுவிடுவது

பெயர்ப் பட்டை தெரியாவிட்டாலும் தோளைப் பாருங்கள்: உதவி ஆய்வாளருக்கு இரண்டு நட்சத்திரம், ஆய்வாளருக்கு மூன்று. வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைப் பதிவைக் காவலரிடம் விடுவது

அடிபட்டவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்ததாகவும், மாவுக்கட்டுப் போட்டதாகவும் வரும் செய்திகளை நாம் சிரித்தபடி கடந்துவிடுகிறோம். அந்தக் கதைக்கு ஆதாரமாவது பெரும்பாலும் விபத்துப் பதிவேட்டின் முதல் வரியே. யார், எதனால், எப்போது அடித்தார் என்பதை அடிபட்டவரே மருத்துவரிடம் சொல்லவும், அது அவ்வாறே பதிவாகவும், கூடச் செல்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ.ஆர். காப்பியை, அதாவது அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை, அப்போதே கேட்டு விண்ணப்பியுங்கள்.

கேமரா இருக்கிறதே என்று சும்மா இருப்பது

எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூனில் தந்தையும் மகனும் காவலர் தாக்கி இறந்த சாத்தான்குளம் சம்பவத்தில், நிலையத்தின் பதிவு அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது நீதித்துறை நடுவரின் விசாரணையில் வெளிப்பட்டது. ஆகவே நாள், மணி, கேமரா இருந்த இடம் மூன்றையும் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவை மறுநாளே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். கடைக் கேமராவின் பதிவு சில நாள்களில் அழிந்துவிடும் என்பதால், கடைக்காரரை அன்றே கேளுங்கள்.

எழுதாத தாளில் கையெழுத்திடுவது

கூடவே கூடாது. காவல் அதிகாரி விசாரித்து எழுதும் சாட்சி வாக்குமூலத்திலும் சாட்சியின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை.

மிரட்டல் வந்த பிறகு தனியாகச் சமாளிப்பது

மிரட்டுபவர் சீருடையில் வருவதில்லை. ஊர்ப் பெரியவராகவோ மாமனாகவோ வந்து, "நமக்கெதுக்குப்பா வம்பு" என்று தொடங்குவார். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை எழுதிவைத்து, 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம். மனு எழுத ஆளில்லையென்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.