பழைய ஜீப்பை வீட்டில் பிரிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடி, வால்பாறை, கோத்தகிரிப் பக்கம் இன்னும் மேடேறிக்கொண்டிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒன்றை வாங்கி வீட்டு வாசலிலேயே வேலை பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல விஷயம்தான். அடிப்படைக் கருவிகளும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே முக்கால்வாசி வேலையை முடித்துவிடக்கூடிய வண்டி அது. ஆனால் பணம் பெரும்பாலும் வீணாவது ஸ்பானர் பிடிக்கும்போது அல்ல, அதற்கு முன்னால் கடையில் நிற்கும்போது.

"எம்.எம். 540-க்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்பதுதான் முதல் தவறு. மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. அப்புறம் வந்த மாடல்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் காலத்துக்குக் காலம் மாறின. 540-ல் வந்தது 2112 சிசி பெஜோ எக்ஸ்.டி.பி. டீசல் இன்ஜின். அதற்குமேல் ஒவ்வொரு முதலாளியும், ஒவ்வொரு பட்டறையும் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும், அடியில் குனிந்து பார்த்தால் மூன்று வண்டிகளின் பாகங்கள் இருக்கும். எனவே எதையும் வாங்குவதற்கு முன் வண்டியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜின் நம்பர், கியர்பாக்ஸ் கூட்டின் மேல் வார்த்திருக்கும் எழுத்துகள், ஆக்ஸில் விகிதம் (சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற, ஆக்ஸிலுக்குச் சுழற்சி கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கு) இவை கட்டாயம் வேண்டும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடுவது ஆக்ஸில் விகிதத்தில்தான். ஜீப் ஆக்ஸில்களில் 5.38, 4.88, 4.27 என்று பல விகிதங்கள் உண்டு. முன்னால் ஒன்றும் பின்னால் வேறொன்றும் மாட்டியிருந்தால், சாதாரணமாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. ஃபோர் வீல் போட்ட நிமிடம் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டத் தொடங்கும். லீவர் இறுகி வெளியே வராது, இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்கள் உடையும். கேஸைப் புதுப்பித்தாலும் மறுபடி அதே கதைதான், ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை.

சோதிக்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் நியூட்ரலில் இருக்கட்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டே ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஐந்து சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் வந்தால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்து நின்றால் 4.88, நாலேகாலை ஒட்டி வந்தால் 4.27. தரையில் இருக்கும் மறு சக்கரம் அசையாது என்பதால், இரண்டு சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றியதற்கு இது சமம்; அதனால்தான் இரண்டு சுற்றுக் கணக்கு. பிறகு முன் ஆக்ஸிலுக்கும் இதே சோதனை. முன்சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் அதை லாக் செய்துகொள்ளுங்கள்.

ஜாக்கி என்று சொன்னதும் ஒரு எச்சரிக்கை. பல பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியதும், ஷாஃப்ட் பிடிபட்டிருந்தாலும், இரு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் வழியாக மறு சக்கரம் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோம் என்று நம்பி வண்டிக்கடியில் படுத்தால் உயிருக்கே ஆபத்து. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுப்பதும் வேண்டாம், பாரம் ஏறினால் அது சொல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றும்போது இடது பக்க நட் அசையவில்லை என்றால் பைப் மாட்டி மிதிக்காதீர்கள். வில்லிஸ் வழி வந்த பழைய வண்டிகளில் இடது பக்கம் இடது மரை இருக்கும். போல்ட் முனையில் 'எல்' எழுத்து தெரிகிறதா என்று துடைத்துப் பாருங்கள். இருந்தால், கழற்றும் திசை தலைகீழ்.

சாமான் வாங்கப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். பேரிங்கின் ஓரத்தில் ஒரு எண் பொறித்திருக்கும், அந்த எண் இருந்தால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்று அளவும் போதும். ஜீப் சாமான் என்று கேட்டால்தான் விலையும் ஏறும், அலைச்சலும் கூடும். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய பாகங்கள் நல்லவையே கிடைக்கின்றன, ஆனால் எதைப் பழையதாக வாங்கலாம் என்று ஒரு கோடு வேண்டும். ஆக்ஸில் கூடு, கியர்பாக்ஸ் கூடு, பானெட், பற்களைப் பார்த்துத் தேர்ந்த கியர் எல்லாம் சரி. பிரேக் ரப்பர், ஹோஸ், ஸ்டீயரிங்கின் டை ராட் எண்ட், கிளட்ச் பிளேட் ஒருபோதும் வேண்டாம். பிரிக்காத பெட்டியில் இருந்தாலும் பல வருடம் கிடந்த ரப்பர் கிட்டும் வேண்டாம். நகத்தால் அழுத்தினால் இறுகியிருப்பது தெரியும்.

பழைய ஜீப்பின் பிரேக் பெரும்பாலும் ஒரே லைனில் ஓடுகிறது. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் போச்சு. அதனால் ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் அதை மட்டும் மாற்றிவிட்டு மற்ற மூன்றை விட்டுவிடுவது சிக்கனம் ஆகாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ பிரேக் டாங்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு. ரப்பர் எல்லாம் உப்பி, மொத்த லைனும் குப்பைக்குத்தான் போகும். டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவும் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

டீசல் இன்ஜின் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே டீசல் பம்பைக் கழற்றுவது இன்னொரு பெரிய செலவு. முதலில் சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை. எக்ஸ்.டி.பி. போன்ற இன்ஜினில், ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உண்டு, நான்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் வழியாகப் பிளக் முனையைத் தொட்டால், எந்தப் பிளக்கில் லாம்ப் எரியவில்லையோ அது செத்துப்போன பிளக். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை, அநேகமாகக் காற்றுப் பிடித்திருக்கும். ஃபில்டர் இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு, கை பம்பால் குமிழி நிற்கும்வரை அடியுங்கள். இன்ஜெக்டர் பீய்ச்சுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும்.

வண்டி சூடானால், இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடு என்பது நம் ஊர் வைத்தியம். கேட்கவே கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் மலைக்குளிரில் இன்ஜின் உரிய சூட்டுக்கே வராது, டீசலும் குடிக்கும், உள்ளேயும் தேயும். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வெறும் போர் தண்ணீர் ஊற்றி உப்படைத்துப்போன ரேடியேட்டர்தான். தெர்மோஸ்டாட்டில் சந்தேகம் இருந்தால் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, அதன் மேல் பொறித்த டிகிரியில் திறக்கிறதா என்று பாருங்கள்.

கிராஸ் (ஷாஃப்ட் மூட்டிலுள்ள சிலுவை வடிவ இணைப்பு) மாற்றப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும்போது, ஷாஃப்டில் நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயிண்டின் இரு பக்கமும் அடையாளம் போடுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிப்போனால்கூட வண்டி அதிரும்.

கடைசியாகக் காகித வேலை. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது சேசிஸ் நம்பரைப் பார்ப்பார்கள். துரு தேய்க்கும் வேகத்தில் அந்த இடத்தில் கிரைண்டர் வைக்காதீர்கள், பெயிண்டும் தடிமனாக அடிக்காதீர்கள். வேறு இன்ஜின் மாட்டுவதாக இருந்தால் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு உங்களுக்குப் பொருந்தும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பில் தராத கடையில் நம்பர் பொறித்த இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.