பேச வேண்டிய பேச்சை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது எப்படி? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

மேலதிகாரியிடம் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். இரவு பதினொன்றுக்கு மேல் சம்பாலுக்கு மிளகாய் இடிக்கும் மேல்வீட்டு ஆன்ட்டியிடம் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பாவை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மூன்றும் வேறு வேறு பேச்சுகள். ஆனால் மூன்றையும் நாம் ஒரே மாதிரிதான் கையாள்கிறோம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவோம், அப்புறம் ஒருநாள் பொறுமை போய் மொத்தமாகக் கொட்டிவிடுவோம்.

கல்யாணப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்று ஒரு வாரம் யோசிக்கிறவர்கள் நாம். இந்தப் பேச்சுகளுக்கு அதில் பாதி யோசனைகூடக் கொடுப்பதில்லை. நான் பார்த்தவரை இவை கெட்டுப்போவது பெரும்பாலும் வாயைத் திறப்பதற்கு முன்பே. இடம் சரியில்லை, நேரம் சரியில்லை, எதற்குப் பேசுகிறோம் என்பது பேசுகிறவருக்கே தெரியவில்லை. இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளலாம். அதற்குப் பேச்சுத்திறமை தேவையில்லை.

படி 1: என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்

கைப்பேசியில் எழுதினால் போதும். எழுதியதும் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த வரியில் எதிராளி செய்யக்கூடிய ஒரு செயல் இருக்கிறதா? “அவர் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்” என்றால் இல்லை. “செவ்வாய், வியாழன் மட்டும் பத்து மணிக்கு வேலையைத் தொடங்கச் சம்மதிக்க வேண்டும்” என்றால் இருக்கிறது.

சில சமயம் எதிராளி எதுவும் செய்ய வேண்டியதில்லை, மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் போதும் என்றிருக்கும். அதுவும் சரிதான். ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் புலம்பப் புலம்ப அவர் யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார், உங்களுக்கு எரிச்சல் ஏறும்.

படி 2: இடத்தையும் இருக்கையையும் தேர்ந்தெடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது.

1950களில் கனடாவின் சஸ்காட்சுவான் மாநில மருத்துவமனை ஒன்றில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் வேலை பார்த்தார். முதியவர்கள் இருந்த வார்டில் நாற்காலிகள் எல்லாம் சுவரோரமாக வரிசையாகப் போடப்பட்டிருந்தன. பார்க்கச் சுத்தமாக இருந்தது, ஆனால் யாரும் யாருடனும் பேசவில்லை. நாற்காலிகளைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களில் பேச்சு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதே சோமர் உணவுக்கூடத்தில் கவனித்தது இன்னும் சுவையானது. நேரெதிரே உட்கார்ந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களையும்விட, மேசையின் மூலையை நடுவில் விட்டு இரு பக்கமும் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். மூலையில் உட்கார்ந்தால் பார்க்க நினைக்கும்போது முகத்தைப் பார்க்கலாம், வேண்டாதபோது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். எதிரெதிரே உட்கார்ந்தால் அது முடியாது, கொஞ்சம் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

சிங்கப்பூரில் இதை எப்படிப் பயன்படுத்துவது? மேலதிகாரியை அவருடைய மேசைக்கு எதிரே நின்றுகொண்டு கேட்காதீர்கள். சிறிய கூட்ட அறையை அரை மணி நேரத்துக்குப் பதிவு செய்து, மூலையில் உட்காருங்கள். காப்பிக்கடைதான் வசதி என்றால் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேர் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். அந்த நேரத்தில் சம்பள உயர்வைப் பற்றிப் பேச யாராலும் முடியாது.

அப்பாக்களுக்கு மேசையே ஒத்துவருவதில்லை. பேசணும், உட்காருங்க என்றாலே அவர் பாதிக் காதை மூடிக்கொள்வார். மாலையில் பூங்கா இணைப்புப் பாதையில் கூட நடந்துபோங்கள். பார்வை முன்னால் இருக்கும், கால்களுக்கு வேலை இருக்கும், மௌனம் வந்தாலும் உறுத்தாது.

மேல்வீட்டு ஆன்ட்டியிடம் மட்டும் சத்தம் கேட்கும் அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். உங்கள் முகமே சண்டைக்கு வந்த முகமாக இருக்கும். மறுநாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போது போங்கள். மின்தூக்கியில் பார்த்த இடத்தில் சொல்லிவிடலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். ஆறு மாடி இறங்குவதற்குள் ஒரு குறையைச் சொல்லி, பதிலும் கேட்டுவிட முடியாது. வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிட மோசம். அங்கே எதிராளி உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார், வேடிக்கை பார்க்கும் முப்பது பேருக்குத்தான் சொல்வார்.

படி 3: எந்த மொழியில் பேசப் போகிறீர்கள்?

சின்னப் படிதான், ஆனால் நம் வீடுகளுக்கு வேண்டியது. பாட்டியிடம் தமிழ், பிள்ளைகளிடம் ஆங்கிலம், கடையில் கொஞ்சம் மலாய் என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பேசுகிறோம். கடினமான பேச்சில், எதிராளிக்கு எந்த மொழியில் மறுத்துப் பேச எளிதோ அந்த மொழியில் தொடங்குங்கள். பதின்ம வயது மகளுக்குத் தமிழில் வாதாட வரவில்லை என்றால், நீங்கள் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்வரை அவள் உம் கொட்டிக்கொண்டுதான் இருப்பாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

படி 4: முதல் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

முதல் வாக்கியம் மட்டும் போதும். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தால் எதிராளி இடையில் ஒரு கேள்வி கேட்டதும் தடுமாறிவிடுவீர்கள். எதைப் பற்றி, எவ்வளவு நேரம், என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.

“செவ்வாய், வியாழன் வேலை நேரத்தைப் பற்றி ஓர் இருபது நிமிடம் பேச வேண்டும். இன்றே முடிவு சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கு என்ன சிக்கல் வரும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.”

“ஆன்ட்டி, நான் கீழ்வீடு, ஏழாவது மாடி. ராத்திரி இடிக்கிற சத்தம் எங்க படுக்கையறையில கேக்குது. குழந்தை எழுந்துடுது. அதப் பத்தி ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?”

இரண்டாவதில் “நீங்க எப்பப் பாத்தாலும்” என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சொன்னால், என்றைக்கு இடிக்கவில்லை என்பதை நிரூபிப்பதிலேயே அவர் குறியாகிவிடுவார். கேட்கிற சத்தம், அதனால் நடக்கிற காரியம், இரண்டும் போதும். உங்கள் வீட்டுக்குள் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே போவது நல்லது, பெரும்பாலும் அதுதான் உண்மையும்கூட.

படி 5: கேளுங்கள், கேட்ட பதிலிலிருந்து மறுபடி கேளுங்கள்

“ஏன்” என்று தொடங்கும் கேள்விகளைக் குறையுங்கள். நம் பேச்சில் ஏன் என்பது பெரும்பாலும் அதட்டல்தான். “ஏன் டாக்டர்கிட்ட போகல?” என்றால் அதற்குச் சாக்குத்தான் பதிலாக வரும். என்ன, எப்படி, எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். 2017ஆம் ஆண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், எதிராளி சொன்னதையொட்டித் தொடர்கேள்வி கேட்பவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று தெரியவந்தது. கேட்டதற்கு அத்தாட்சி அதில் இருக்கிறதல்லவா! நடைபாதையில் அது இப்படிப் போகலாம்.

“அப்பா, போன தடவை பலதுறை மருந்தகத்துல என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சு. காலையில போனேன், மத்தியானம் ஆயிடுச்சு.”

“அவ்வளவு நேரம் எங்க உக்காந்திருந்தீங்க?”

“அந்த ரத்தம் எடுக்கிற இடத்துலதான். சாப்பிடாம வேற வரச் சொல்லிட்டாங்க. தலை சுத்துச்சு.”

பார்த்தீர்களா, பிரச்சினை மருந்தகமே இல்லை. வெறும் வயிற்றில் நெடுநேரம் உட்கார்ந்ததுதான். இனி காலையில் முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்து, முடிந்த கையோடு தோசை வாங்கித் தர நீங்கள் கூடப் போனால் பாதி வேலை முடிந்தது. உடம்புதான் முக்கியம் என்று அறிவுரை சொல்லியிருந்தால் இந்தத் தலைசுற்றல் வெளியே வந்திருக்காது.

படி 6: கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்

2009இல் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. அவ்வளவு குறைவு என்பதால்தான் இரண்டு வினாடி மௌனமே நமக்குத் தாங்கவில்லை, உடனே நாமே பதிலையும் எடுத்துக்கொடுக்கிறோம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. தேவையென்றால் தேத்தண்ணீரை ஒரு வாய் குடியுங்கள்.

படி 7: யார், என்ன, எப்போது

கடைசி இரண்டு நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். “நான் புரிந்துகொண்டது சரியா?” என்று கேட்டு, அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லுங்கள். அப்புறம் அன்றைக்கே இரண்டு வரி செய்தி.

வேலை நேர விஷயத்தில் இரண்டு வரி போதாது, முறையாக எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூரில் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்த, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிகள் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறையாக விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் விண்ணப்பத்துக்கு முன்னால் பேச்சு வேண்டும். மேலதிகாரிக்கு என்ன சிக்கல் என்று பேசித் தெரிந்துகொண்டு, அதற்கான விடையையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம்.

பேசியும் நடக்கவில்லை என்றால்

அண்டைவீட்டுத் தகராறுகளுக்கு 1998 முதல் சட்ட அமைச்சின்கீழ் சமூக சமரச நிலையம் இயங்குகிறது. அங்கே இருக்கும் சமரசர்கள் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள். தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை இல்லை, இரண்டு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வர உதவுவார்கள். ஆனால் விண்ணப்பிக்கும் முன் மேல்வீட்டுக்குப் போய், “ஆன்ட்டி, நம்மால தீக்க முடியல, நடுவுல ஒருத்தர வெச்சுப் பேசலாம்னு நெனைக்கிறேன், கடிதம் வரும்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடிதத்தைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது என்றால் யாருக்குமே கோபம் வரும்.