வாய்க்காலில் மீன் சாகவில்லையா? அது போதாது

நெல் வயலில் பூச்சிமருந்து அடித்த மறுநாள் வாய்க்காலை எட்டிப் பார்த்து, மீன் எதுவும் மிதக்கவில்லை, தண்ணீருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு. இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோடினாய்டு மருந்துகள் வயலில் கலக்கிற அளவில் மீனை நேரடியாகக் கொல்வது அபூர்வம். அவற்றின் குறி பூச்சியின் நரம்பு. தத்துப்பூச்சி எது, தண்ணீருக்குள் வளரும் தட்டான் குஞ்சு எது என்று மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில், நெல் வயல்களின் வடிநீர் வந்து சேரும் ஷின்ஜி ஏரியில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1993-ல் இமிடாகுளோபிரிட் புழக்கத்துக்கு வந்தது. அதையொட்டி ஏரியின் நுண்ணிய மிதவை உயிரிகள் சரிந்தன, அடிச்சேற்றில் வாழும் சிவப்புப் புழுக்களும் அருகிப்போயின. வக்காசாகி என்ற சிறு மீன் ஆண்டுக்கு 240 டன் கிடைத்த இடத்தில் 22 டன்தான் கிடைத்தது. 2019-ல் வெளியான ஆய்வு சொன்ன காரணம்: மீனுக்கு இரை இல்லாமல் போனது.

அடுத்தது, 'கொஞ்சம்தானே' என்ற நினைப்பு. இந்த மருந்து பூச்சி நரம்பின் ஏற்பியை, அதாவது சேதியை வாங்கும் இடத்தை, பிடித்துக்கொண்டால் எளிதில் விடுவதில்லை. அதனால் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தால், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே மேஃபிளை என்ற பூச்சியின், தண்ணீரில் வளரும் புழுக்களை முடக்கிவிடும். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அது! சோதனைக்கூடங்களில் வழக்கமாக வைத்துப் பார்க்கும் நீர்த்தெள்ளு (டாஃப்னியா என்ற, இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்) இதைவிடப் பல்லாயிரம் மடங்கைத் தாங்கும். அது பிழைத்ததை வைத்துத் தண்ணீர்ப் பூச்சிகளும் பிழைக்கும் என்று சொல்லவே முடியாது.

'நான் தெளிக்கவில்லை, விதையில்தான் கலந்தேன், குருணைதான் போட்டேன்' என்பார்கள். விதையில் பூசிய மருந்தில் சிறு பங்கைத்தான் பயிர் உறிஞ்சுகிறது, மிச்சம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகிறது. ஃபிப்ரோனில் என்ற வேறொரு பூச்சிமருந்தின் குருணை இட்ட நெல் வயல்களில் தட்டான் குஞ்சுகள் பெருமளவில் அழிந்ததை ஜப்பானிய வயல் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

நட்ட முதல் 30, 40 நாளில் இலையில் நாலு ஓட்டை கண்டதுமே அடிப்பதும் வேண்டாம். அந்தச் சேதத்தைப் பயிர் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். சிலந்தியும் தட்டானும் செத்த வயலில் அப்புறம் புகையான் (நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி) பெருகினால் பிடிக்க ஆளில்லை.

சரி, தெளித்தே ஆகவேண்டும் என்றால் மழை வரும் நேரத்தைத் தவிருங்கள். குருணை போட்டால் மடையை அடைத்து, லேபிளில் சொன்ன நாள்வரை தண்ணீரைக் கட்டிவையுங்கள். தெளிப்பானை வாய்க்காலில் அலசாதீர்கள். அலசிய தண்ணீரை மருந்து அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.