மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு மன்றமும் பொழுதுபோக்கும் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை வளர்க்கும் பல குடும்பங்களின் வாரம், பிறர் குறித்துக் கொடுத்த நேரங்களாலேயே நிரம்பிவிடுகிறது. பள்ளி, பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, மருத்துவமனைச் சந்திப்பு என்று ஓடி முடித்தபின் எஞ்சும் சில மணி நேரத்தில்தான் அந்தப் பிள்ளை யாருடைய மேற்பார்வைப் பட்டியலிலும் இல்லாமல் பிள்ளையாக மட்டும் இருக்க முடிகிறது. அந்த நேரத்தை எங்கே, யாரோடு கழிப்பது என்று தேடும்போது பெற்றோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அக்கறையிலிருந்தே பிறக்கின்றன. அதனால்தான் அவை எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவற்றுள் மிகப் பரவலானது, விளையாட்டையும் சிகிச்சையின் தொடர்ச்சியாக ஆக்கிவிடுவது. தசை வலுப்பெறும் என்று நீச்சலும், விரல்கள் பழகும் என்று மிருதங்கமும், கவனம் கூடும் என்று சதுரங்கமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இந்தப் பயன்கள் உண்மையானவைதான். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் முன்னேற்றத்தை மட்டுமே விசாரிக்கும் பழக்கம் வந்துவிட்டால், அதற்கென்று மிஞ்சியிருந்த ஒரே மணி நேரமும் இன்னொரு தேர்வாகிவிடுகிறது. மலேசியா 1995ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமை உடன்படிக்கை, ஓய்வையும் விளையாட்டையும் தனி உரிமையாகவே 31ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டில் நம் நாடு உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவும், மாற்றுத்திறன் கொண்ட சிறுவர்கள் மற்றச் சிறுவர்களுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்க வேண்டும் என்று கூறுகிறது. இரண்டிலும் விளையாட்டு மருந்தாகக் குறிக்கப்படவில்லை. பிள்ளைக்கு அது பிடித்திருக்கிறது என்பதே ஒரு மன்றத்தில் தொடர்வதற்குப் போதுமான காரணம்.

பிடித்திருக்கிறதா என்பதை அறியப் பிள்ளை பேச வேண்டிய அவசியமில்லை. இரண்டு படங்களைக் காட்டினால் எதைத் தொடுகிறது, எந்த இடத்துக்குப் போகப் புறப்படும்போது தானாகவே காலணியை எடுத்து வருகிறது, எந்த வாசலில் கால்கள் பின்வாங்குகின்றன என்று சில வாரங்கள் கவனித்தாலே விடை கிடைத்துவிடும். அண்ணன் கராத்தே போகிறான், ஆகவே தம்பியும் போகட்டும் என்று வசதிக்காக முடிவெடுக்கும் வீடுகளில் இந்தக் கவனிப்பு விடுபட்டுப்போகிறது.

“எல்லாரையும் சேர்த்துக்கொள்வோம்” என்ற சொல்லை நம்பிவிடுதல்

தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலான பயிற்சி நிலையங்கள் “பிரச்சினை இல்லை, கூட்டி வாங்க” என்றுதான் சொல்லும். சொல்பவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. எனினும் சேர்த்துக்கொள்வது வேறு, பங்கேற்கச் செய்வது வேறு. பதிவேட்டில் பெயர் இருந்தும், மற்றப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க ஓரத்து நாற்காலியில் அமர்ந்து கைதட்டும் பிள்ளை அந்த மன்றத்தில் இருக்கிறதே தவிர, அதில் சேர்ந்திருக்கவில்லை.

ஆகவே, சேர்ப்பீர்களா என்று கேட்பதைக் காட்டிலும், நடப்பது எப்படி என்று கேட்பதே பயன் தரும். ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? வரிசையில் காத்திருக்க முடியாத பிள்ளை என்ன செய்யும்? இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டால் சற்று ஒதுங்கியிருக்க இடம் உண்டா? கழிவறைக்கு உதவி தேவைப்பட்டால் யார் செய்வார்கள், பெற்றோரே வரலாமா? கோலாலம்பூரில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, மழை வந்தால் என்ன ஏற்பாடு என்பது. பிற்பகல் நான்கு ஐந்து மணிக்கு இடியோடு மழை கொட்டுவது இங்கே வாடிக்கை. திடலில் நடக்க வேண்டிய பயிற்சி திடீரென்று ரத்தாவது பல பிள்ளைகளுக்குச் சிறு ஏமாற்றம்தான். நாள் முழுவதும் அந்த நேரத்தையே எண்ணிக்கொண்டிருந்த ஆட்டிசம் கொண்ட பிள்ளைக்கு அது தாங்க முடியாத குலைவாக இருக்கலாம். மழைக்கு மாற்றிடம் இருக்கிறதா, ரத்து என்றால் எத்தனை மணிக்குத் தெரிவிப்பார்கள் என்று கேட்கும்போது தயங்காமல் பதில் சொல்கிற நிலையம், பெரும்பாலும் மற்றவற்றையும் யோசித்து வைத்திருக்கும்.

கேட்டதோடு நிற்காமல், பிள்ளை இல்லாமல் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. நம் ஊரில் நடன வகுப்பும் இசை வகுப்பும் தற்காப்புக் கலைப் பயிற்சியும் பெரும்பாலும் கடைவரிசைகளின் மேல்மாடியில்தான் நடக்கின்றன. அங்கே மின்தூக்கி இருப்பது அரிது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது என்பதை வைத்து வழியும் சரியாக இருக்கும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. நிலையத்துக்கும் வகுப்புக்கும் இடையிலுள்ள உடைந்த கால்வாய் மூடியும், நடைபாதையை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களுமே சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிடும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடைகளின் முன்னே ஓடும் பழைய ஐந்தடிப் பாதைகளிலோ கடைக்குக் கடை தரைமட்டம் மாறி, இடையிடையே படியும் இருக்கும். வகுப்பு நடக்கும் அதே நாளில், அதே மணி நேரத்தில் போனால்தான் இவையெல்லாம் தெரியும். இரைச்சலும் கூட்டமும்கூட அப்போதுதான் தெரியும்.

தீபாவளிக்கு முன் நடக்கும் அன்பளிப்பு நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒரு சொல். பொட்டலம் வாங்கப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கும் அரை நாள் நிகழ்ச்சியால் குடும்பத்துக்கு உதவி கிடைக்கலாம். அதைப் பிள்ளையின் சமூக வாழ்க்கை என்று கணக்கில் எழுதிவிடக் கூடாது. அடுத்த வாரமும் அதே முகங்களைப் பார்க்க முடிந்தால்தான் நட்பு உண்டாகும்.

மறைப்பதும் முழுதாக ஒப்படைப்பதும்

பயிற்றுநரிடம் உண்மையைச் சொல்லாமல் சேர்த்துவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. சொன்னால் வேண்டாம் என்பார்களோ, ஊருக்குத் தெரிந்தால் மற்றப் பிள்ளைகளின் கல்யாணம் வரை பேச்சாகுமோ என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை; நாலு பேர் பேச்சால் காயப்பட்டவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனாலும் உடல்நலத்தோடு தொடர்புடைய சில செய்திகளை மறைத்தால் ஆபத்து நேரும். டவுன் சிண்ட்ரோம் கொண்ட சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் இணைப்புத் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நீரில் பாய்தல், டிராம்போலின் போன்றவற்றுக்கு முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். வலிப்பு வரும் பிள்ளை நீச்சல் குளத்தில் இருக்கும் நேரம் முழுவதும், அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் தேவை. வலிப்புக்குத் தரப்படும் மருந்துகளில் சில, வியர்வையைக் குறைப்பவை; நம் வெயிலில் திடல் விளையாட்டுக்கு அனுப்புமுன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகள் பலருக்கு ரப்பர்ப் பால் ஒவ்வாமை உண்டு. மன்றத்தின் பிறந்தநாள் விழாவில் கட்டும் பலூன்கூட அவர்களுக்குத் தீங்காகலாம். ஆட்டிசம் கொண்ட சிறுவர்களில் பலர் தண்ணீரால் ஈர்க்கப்பட்டு யாரும் அறியாமல் அதை நோக்கிப் போய்விடுவார்கள் என்பதால், குளமோ ஏரியோ அருகிலுள்ள இடத்தில் வாசல்கள் எப்படி மூடப்படுகின்றன என்று பார்ப்பது மிகை எச்சரிக்கை ஆகாது.

இதற்கு நோயின் பெயரும் முழு வரலாறும் தேவையில்லை. ஒரே பக்கத்தில், பயிற்றுநர் படிக்கும் மொழியில், பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ, பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எது கலங்கவைக்கும், வேண்டாம் என்பதை அது எப்படிக் காட்டும், கலங்கினால் என்ன செய்தால் அமைதியாகும், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்தால் போதும். பிடித்தவற்றை முதலில் எழுதுங்கள். கோளாறுகளின் பட்டியலோடு வரும் பிள்ளையை எந்தப் பயிற்றுநரும் சற்று அஞ்சியே வரவேற்பார்; ரயில்களைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும் பிள்ளை என்று தெரிந்தால், பேச்சை எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.

இதன் மறுபக்கமும் ஒரு தவறே. தாயோ துணையாளரோ ஒவ்வொரு நொடியும் பக்கத்திலேயே ஒட்டியிருந்தால், மற்றப் பிள்ளைகள் நெருங்க மாட்டார்கள். பெரியவர் ஒருவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துச் சிறுவன் பந்தை யாரிடம் நீட்டுவான்? பாதுகாப்புக்கு உதவி தேவைப்படும் இடத்தில் உதவி இருக்கட்டும்; மற்ற நேரத்தில் துணையாளர் இரண்டடி தள்ளி நிற்கலாம், அல்லது எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுபவராக மாறலாம். முதல் வாரம் அறைக்குள், பிறகு வாசலில், பிறகு வெளியே என்று படிப்படியாக விலகுவதைப் பயிற்றுநரோடு முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சிறப்பு நிலையமா, பொது மன்றமா?

இரண்டில் ஒன்றுதான் சரி என்று பிடிவாதம் பிடிப்பதால் நல்ல வாய்ப்புகள் கைநழுவுகின்றன. தன்னைப் போன்றவர்களோடு இருக்கும் நேரமும் பிள்ளைக்குத் தேவை. தெருவிலும் பள்ளியிலும் உள்ள மற்றவர்களோடு இருக்கும் நேரமும் தேவை. காது கேளாத ஒரு பிள்ளை சைகை மொழி பேசும் நண்பர்களிடையே மட்டுமே எதையும் தவறவிடாமல் அரட்டை அடிக்க முடியும். மலேசிய சைகை மொழியைப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கற்றுக்கொண்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அவர்களைப் பார்த்து ஒன்றிரண்டு சைகைகள் பழகிக்கொள்வார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் உள்ள ஒய்எம்சிஏ நீண்ட காலமாக அந்த மொழியைக் கற்பித்து வருகிறது. பார்வையற்றோருக்கென 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளையின் பெற்றோர் அடிக்கடி குழம்புவது சிறப்பு ஒலிம்பிக்கும் பாராலிம்பிக்கும் ஒன்றென்று எண்ணி. சிறப்பு ஒலிம்பிக் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கானது. தரமான ஓட்ட நேரம் இல்லாவிட்டாலும் பங்கேற்கலாம். போட்டியில் இறங்க எட்டு வயது ஆகியிருக்க வேண்டும், அதற்குக் கீழே இரண்டு முதல் ஏழு வயதுச் சிறாருக்கு விளையாட்டு அடிப்படையிலான தனித் திட்டம் உண்டு. மாற்றுத்திறன் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் கூட்டு விளையாட்டும் அதில் இருக்கிறது. என் பார்வையில், எல்லாரையும் உள்ளடக்குதல் என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் விளையாட்டு உலகில் இல்லை. பாராலிம்பிக் என்பது தகுதிப் பிரிவுகளும் தரநிலைகளும் கொண்ட உயர்நிலைப் போட்டி. ரியோவிலும் தோக்கியோவிலும் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்ற நம் நாட்டு அப்துல் லத்திஃப் ரோம்லி அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில்தான் போட்டியிட்டார் என்பதால், இரண்டும் முற்றிலும் விலகியவை அல்ல. காது கேளாதோருக்கு டெஃப்லிம்பிக் என்று தனிப் போட்டி இருக்கிறது. பிள்ளை விரும்புவது நண்பர்களோடு ஓடுவதையா, வென்று காட்டுவதையா என்று பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினால் அலைச்சல் குறையும்.

நம் சமூகத்துக்குள்ளேயே இருக்கும் இடங்களை மறந்துவிடுவதும் வருத்தத்துக்குரியது. கோயிலில் நடக்கும் தேவார வகுப்பு, சிலம்பப் பயிற்சி, கோலப் போட்டி, தாமான் (குடியிருப்புப் பகுதி) இளைஞர்களின் உறுமி மேளக் குழு ஆகியவை வீட்டுக்கு அருகில், செலவு குறைவாக, பிள்ளை வீட்டில் கேட்கும் மொழியிலேயே நடப்பவை. தாளம் பிடித்த பிள்ளைக்கு உறுமி மேளக் குழுவில் ஜால்ரா தட்டும் இடமே ஒரு பெரும் பேறு. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவைப் போன்ற நிகழ்வுகளில் பரிசுக்காக அல்லாமல் மேடையேறவும் வழி விடுங்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்கலாம்; கேட்பவர் இல்லாததால்தான் பல இடங்களில் அந்த எண்ணமே எழாமல் இருக்கிறது. அதே நேரத்தில், தைப்பூசக் கூட்டத்தையும் பத்துமலையின் 272 படிகளையும் பிள்ளையின் முதல் கோயில் அனுபவமாக்க வேண்டாம். கூட்டமில்லாத ஒரு வாரநாள் மாலையில், தவில் ஓசை இல்லாத வேளையில், கீழ்ச் சன்னதியிலிருந்து தொடங்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் ஓகேயூ அட்டையைப் பற்றிய தயக்கமும் வாய்ப்பைக் குறைக்கிறது. சமூகநல இலாகாவில் பதிவு செய்வது கட்டாயமல்ல, ஆனால் போக்குவரத்துக் கட்டணச் சலுகைகளுக்கும் பல திட்டங்களில் சேர்வதற்கும் அதைத்தான் கேட்பார்கள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், கற்றல் குறைபாடுகள் ஆகியவையும் அதில் இடம்பெறும். வெளியே தெரியும் ஊனம் இருக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் சமமாகப் பங்கேற்கும் உரிமையைக் கூறினாலும், மறுப்பவர்களுக்குத் தண்டனை எதையும் வகுக்காமலேயே அது இயற்றப்பட்டது. எனவே சட்டத்தைக் காட்டி அதட்டுவதைவிட, அதை மேற்கோள் காட்டி என்ன மாற்றம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்பதே பெரும்பாலும் பலன் தருகிறது.

எப்போது விடுவது, எதுவரை தொடர்வது

முதல் நாள் பிள்ளை அழுதது என்று நிறுத்திவிடுவதும், ஆறு மாதக் கட்டணம் கட்டியாயிற்று என்று இழுத்துக்கொண்டு போவதும் ஒருசேர நடக்கின்றன. முடிந்தால் வகுப்புக்கு வகுப்பு கட்டணம் செலுத்தும் ஏற்பாட்டைக் கேளுங்கள். முதல் தடவை பதினைந்து நிமிடம் மட்டும் இருந்து, சிரித்த முகத்தோடு கிளம்பிவிடலாம். புதிய இடத்தின் அச்சம் வாரங்களில் தணியும். ஆனால் நாள் செல்லச் செல்ல உறக்கம் கெட்டு, அந்தக் கிழமை வந்தாலே வயிற்றுவலி என்றால், அல்லது கேலியும் கடுஞ்சொல்லும் நடப்பதாகத் தெரிந்தால், காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்றுநரிடம் பேசி மாற்றம் வராவிட்டால் விலகிவிடுவது சரியான முடிவே.

பல பெற்றோர் எண்ணிப் பார்க்காத ஒன்று வயது வரம்பு. சிறுவர்களுக்கான திட்டங்கள் பலவும் பதினெட்டு வயதோடு முடிந்துவிடுகின்றன. பள்ளியும் மன்றமும் ஒரே ஆண்டில் நின்றுபோனால், அதுவரை சேர்ந்த நண்பர்கள் எல்லாரும் ஒரேயடியாக விலகிப்போகிறார்கள். பதினான்கு பதினைந்து வயதிலேயே, பெரியவரான பிறகும் தொடரக்கூடிய குழு ஒன்றில் பிள்ளையைச் சேர்த்துவிடுவது நல்லது. சிறப்பு ஒலிம்பிக்கில் உச்ச வயது வரம்பு கிடையாது; கோயில் பஜனைக் குழுவுக்கும் இல்லை. மன்றத்தில் பழகிய இரண்டு மூன்று பிள்ளைகளின் பெற்றோருடைய தொலைபேசி எண்களை இன்றே வாங்கி வைத்துக்கொண்டால், மன்றம் மூடப்பட்டாலும் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளைகள் சந்திக்கலாம்.