மன்றத்தில் ஒரு மாலை ஜெர்மன் வரலாறு பேசுவது எப்படி

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ மன்றம் நடத்துகிறவர்கள், ஞாயிறு சாயங்காலம் பசங்களுக்கு உலக வரலாறு ஏதாவது பேசலாம் என்று நினைத்தால் ஜெர்மன் தொழிலாளிகளின் கதையை எடுங்கள். ஹிட்லரில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

1878இல் ஆரம்பியுங்கள். ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் (பிரதமர் மாதிரி) பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டத்தால் சோஷலிஸ்டுகளின் கூட்டம், பத்திரிகை, சங்கம் எல்லாவற்றுக்கும் தடை; தேர்தலில் நிற்பதை மட்டும் தடுக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "நாளைக்கே நம்ம மன்றத்துக்குப் பூட்டு போட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். கேரம் கிளப்னு போர்டை மாத்திடுவோம் என்று ஒருத்தனாவது சொல்வான். அங்கேயும் அதேதான், பாட்டுக் குழு, புகைப்போர் கிளப் என்று பெயர் வைத்துக்கொண்டு கூடினார்கள். அப்புறம் போர்டில் இரண்டு எண்களை எழுதுங்கள்: 1878 தேர்தலில் சோஷலிஸ்டுகளின் கட்சிக்கு விழுந்த ஓட்டு சுமார் 4.37 லட்சம், 1890இல் 14 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டே சட்டம் காலாவதியானது.

கல்லறைக் கதையை அவசரப்படாமல் சொல்லுங்கள். 1848 மார்ச்சில் மன்னராட்சியை எதிர்த்து நடந்த புரட்சியில் செத்தவர்களைப் புதைத்த இடம் பெர்லினில் இருக்கிறது, அந்தக் காலத்தில் வருஷா வருஷம் மார்ச் 18 அன்று தொழிலாளிகள் அங்கே மலர்வளையம் கொண்டுபோவார்கள், போலீஸ்காரர் கத்தரிக்கோலோடு நின்று ரிப்பனில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து, பிடிக்காத வாசகமாக இருந்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார். சாவு வீட்டுக் கானா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்து ஒரு வேலை கொடுங்கள். ஹாம்பர்க் போலீஸ் 1892 முதல் மஃப்டியில் ஆட்களைச் சாராயக் கடைகளுக்கு அனுப்பி, வாடகை, கறி விலை, முதலாளி என்று தொழிலாளிகள் பேசியதையெல்லாம் எழுதி வாங்கியது. ஆயிரக்கணக்கில் அறிக்கைகள், இன்று வரலாற்று ஆய்வாளர்களுக்குப் புதையல். நம் டீக்கடையில் காதில் விழுந்ததை அதே போலீஸ் பாணியில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ஆள் பெயர் மட்டும் கண்டிப்பாகக் கூடாது, தெருவுக்குள் சண்டை வந்துவிடும்.

பெரம்பூர் பி அண்டு சி மில், 1918இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினம் எல்லாம் தானாகப் பேச்சில் வரும், வரட்டும். ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் 1908 வரை பெண்கள் அரசியல் சங்கத்தில் சேரவே முடியாது என்பதையும் சொல்லுங்கள். மன்றத்தில் ஒரு பெண்கூட உட்கார்ந்திருக்கவில்லை என்றால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

கடைசி அரை மணி நேரத்தை 1933க்கு வையுங்கள். நாஜிகள் மே 1ஐச் சம்பளத்தோடு விடுமுறையாக்கி ஊர்வலமும் விழாவுமாக அமர்க்களப்படுத்திவிட்டு, மறுநாளே தொழிற்சங்க ஆபீஸ்களைக் கைப்பற்றினார்கள். தொழிலாளர் விளையாட்டு, பாட்டுச் சங்கங்களும் அந்த ஆண்டே கலைக்கப்பட்டன. அத்தனை பெரிய தொழிலாளர் அமைப்பு ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். இங்கேதான் குரல் உயரும், இன்றைய கட்சிப் பெயர்களும் வந்து விழும், அதனால் டீயை அதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.