ஊருக்குப் போகும்போது சி-பாப் மெசினும் உங்களோடு வரட்டும்

"மூன்று கிழமைதானே, இல்லாமலே சமாளிக்கலாம்" என்று சி-பாப் மெசினை (நித்திரையில் தொண்டை அடைபடாமல் முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் கருவி) வீட்டில் விட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஸ்லீப் அப்னியா, அதாவது நித்திரையில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய், உள்ளவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மெசினை நிறுத்திய ஓரிரு இரவிலேயே மூச்சுத் தடைப்படுவது பழையபடி தொடங்கிவிடும். அதுவும் நித்திரை நேரமே குழம்பிக் கிடக்கும் நாட்களில்.

குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 10½ மணித்தியால வித்தியாசம்; லண்டனுக்கு 5½. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் நகரும். ஆகவே கனடாக்காரர் வழமைக்கு வர ஒரு கிழமைக்கு மேலாகும். நாமோ கட்டுநாயக்கவில் இறங்கிய கையோடு இரவு வான் வண்டியில் ஏறி, போய்ச் சேர்ந்ததும் சொந்தங்களோடு கதைத்துக்கொண்டிருந்து, மத்தியானச் சாப்பாட்டோடு கதிரையிலேயே சரிந்துவிடுகிறோம். பிறகு பகலில் கண் சொருகினால் அது பயணக் களைப்பா, அப்னியாவா என்று தெரியாது. பெரும்பாலும் இரண்டும்தான்.

அதனால் மத்தியானம் அரை மணித்தியாலம் படுத்தாலும் முகமூடியைப் போட்டுக்கொண்டே படுங்கள். இரவில் எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள். பகலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் வெளிச்சத்தில் நடமாடுங்கள். நல்லூர்த் தேருக்கோ, விடியற்காலை முகூர்த்தத்துக்கோ போவதென்றால் அடுத்த நாளை வேறு வேலை வைக்காமல் விடுங்கள். முக்கியமாக, முதல் நாட்களில் ஏ9 வீதியில் நீங்கள் வாகனம் ஓட்ட வேண்டாம். மோட்டார் சைக்கிளும் வேண்டாம். நித்திரை வரவில்லையென்று சாராயமோ நித்திரைக் குளிசையோ எடுப்பதும் கூடாது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு இன்னும் அடைபடலாம்.

மெசினை விமானத்தில் கையோடு கொண்டு போங்கள், வைத்தியரின் கடிதத்தோடு. காற்றை ஈரப்படுத்தும் தொட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது. அடப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் ஊர்க் கரண்டுக்குச் சரி, பிளக் மாற்றி மட்டும் போதும். கரண்ட் போகும் இடமென்றால் பேட்டரி தேவை. லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும்; அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) மேலென்றால் விமான நிறுவனத்திடம் முதலே அனுமதி கேளுங்கள். தொட்டியின் சூடாக்கியை நிறுத்தினால் பேட்டரி கூடிய நேரம் நிற்கும்.

ஊர் வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். ஆவியாக்கி வடித்த தண்ணீர் (டிஸ்டில்ட் வாட்டர்) கிடைக்காவிட்டால் தொட்டியை வெறுமையாகவே விடலாம். பாயில் படுக்கும்போதும் அப்படித்தான்: தலையும் மெசினும் ஒரே மட்டத்தில் இருந்தால் குழாய் வழியே தண்ணீர் மூக்குக்கு வரலாம். நுளம்புத்திரியைப் பக்கத்தில் கொளுத்த வேண்டாம், மெசின் அந்தப் புகையைத்தான் இழுத்துத் தரும். வலைக்குள் படுத்து, குழாயை வலையின் அடியால் விட்டு, ஓரத்தை நன்றாகச் செருகிவிடுங்கள்.

விறாந்தையில் எல்லோரும் வரிசையாகப் படுக்கிற வீட்டில் முகமூடி போடப் பலருக்குக் கூச்சம். மாமி பயந்துபோவா என்றால் படுக்கமுதலே போட்டுக் காட்டி, இது என்னவென்று சொல்லிவிடுங்கள். அப்படியே பெரியப்பாவின் குறட்டையையும் கொஞ்சம் கவனியுங்கள். குறட்டை திடீரென்று நின்று, பிறகு திணறிக்கொண்டு மூச்சு வந்தால், அதைக் கைபேசியில் பதிந்து அவருடைய பிள்ளைகளிடம் கொடுத்து வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.