மாதிரி ரயில் பாதைக்கு ஓட்டுக் கூரை நிலையம்: கட்டுவதும் வண்ணம் பூசுவதும்

மாதிரி ரயில் பாதையை யாரும் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பதில்லை. மேசை அருகே நின்று, மேலிருந்துதான் பார்க்கிறோம். காக்கையின் கண்ணுக்கு எது படுமோ அதுவே நமக்கும் முதலில் படுகிறது: கூரை. புதிதாகத் தொடங்குகிறவர்களோ ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கைப்பிடிக்கும் உயிரைக் கொடுத்துவிட்டு, கூரைக்கு வந்ததும் ஒரே சிவப்பை அடித்து முடித்துவிடுகிறார்கள். இங்கே பாதி இடத்தைக் கூரைக்கே கொடுத்திருக்கிறேன்.

நாம் கட்டப்போவது பெங்களூருக்கு வடக்கே, எலஹங்காவிலிருந்து சிக்பள்ளாப்பூர் போகும் பாதையில் காணப்படும் வகையைச் சேர்ந்த ஒரு சிறு நிலையம். 1915இல் 762 மி.மீ. குறுகிய பாதையாகப் போடப்பட்ட தடம் அது. இன்று அகலப் பாதை. நந்தி ஹால்ட் போன்ற பழைய நிலையங்களின் கல் சுவரும் ஓட்டுக் கூரையும் மாதிரிக்கென்றே செய்து வைத்தவைபோல இருக்கும். நந்தி மலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழியில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவருகே தெரிந்தவர் ஒருவரை நிற்கவைத்து எடுத்தால் போதும். அவருடைய உயரத்தை வைத்து மற்ற அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம்.

அளவு

நான் சொல்லும் அளவுகள் எச்.ஓ. வகைக்கு, அதாவது 87இல் ஒரு பங்குக்கு. இதில் ஒரு வசதி உண்டு: ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்று பெருக்கினால் போதும். பழைய கட்டடங்கள் அடிக்கணக்கில் கட்டப்பட்டவை என்பதால் கணக்கு சுத்தமாக வரும். 40 அடி நீளம் 140 மி.மீ. ஆகும். 20 அடி அகலம் 70 மி.மீ., 12 அடிச் சுவர் 42 மி.மீ., 7 அடிக் கதவு 24.5 மி.மீ. இரு பக்கச் சுவர்களின் மேல் வரும் முக்கோணத்துக்கு 20 மி.மீ. உயரம் வையுங்கள், கூரை ஏறக்குறைய 30 டிகிரி சரியும்.

சுவர்

கட்டடக்கலை மாணவர்கள் பயன்படுத்தும் 2 மி.மீ. மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டை பெங்களூர் அவென்யூ ரோடு காகிதக் கடைகளில் கிடைக்கும். புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு ஸ்கேல், பெவிகால், சாதாரண அக்ரிலிக் வண்ணங்கள் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். விலை உயர்ந்த வெளிநாட்டு வண்ணங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

ஜன்னல், கதவுத் திறப்புகளை முதலில் வெட்டிவிட்டு, அதன் பிறகு சுவரை அட்டையிலிருந்து பிரித்தெடுங்கள். மாற்றிச் செய்தால் மெலிந்த இடங்கள் மடிந்துபோகும். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல் நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். முக்கோணம் உள்ள பக்கச் சுவர்கள் முழு 70 மி.மீ. அகலத்துக்கு நிற்கட்டும், நீளச் சுவர்கள் அவற்றுக்கு நடுவே வர வேண்டும். எனவே இருபுறத்து அட்டைத் தடிமனையும் கழித்து அவற்றை 136 மி.மீ. என்று வெட்டுங்கள்.

ஒட்டுவதற்கு முன்பே கல் வரிகளைக் கீறிவிட வேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா இதற்குப் போதும். ஓர் அடி நீளம், அரை அடி உயரமுள்ள கல் நம் அளவில் 3.5க்கு 1.75 மி.மீ. கிடைக்கோடுகளை ஸ்கேல் வைத்தும் செங்குத்துக் கோடுகளை வெறும் கையாலும் போடுங்கள். மேல் வரிசையின் இணைப்பும் கீழ் வரிசையின் இணைப்பும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. கொத்தனார் யாரும் அப்படிக் கட்டமாட்டார்.

தேவனஹள்ளிப் பக்கத்து சாதரஹள்ளிக் கல் சாம்பல் நிறம். சாம்பலில் சிறிது வெள்ளையும் துளி பழுப்பும் கலந்து சுவர் முழுக்கப் பூசுங்கள். உலர்ந்ததும் பத்தில் இரண்டு கற்களை மட்டும் நீலச் சாயலிலோ வெளிறிய சாயலிலோ தனித்தனியாகத் தொடுங்கள். பிறகு தண்ணீராகக் கரைத்த வெளிர் மணல் நிறத்தை மேலே ஓடவிட்டு, பழைய துணியால் உடனே துடைத்துவிட்டால் வரிகளில் மட்டும் சுண்ணாம்பு தங்கும். சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு அடியுங்கள். பின்னால் விளக்கு வைக்கும்போது வெளிச்சம் அட்டை வழியே கசியாது. இரண்டு பக்கமும் வண்ணம் ஏறுவதால் பெங்களூரின் ஜூலை ஈரத்தில் அட்டை வளைவதும் குறையும்.

நான்கு சுவர்களையும் ஒட்டும்போது ஒவ்வொரு மூலைக்குள்ளும் ஐஸ்கிரீம் குச்சித் துண்டு ஒன்றை முட்டுக் கொடுங்கள். பழைய நிலையங்களின் ஜன்னலில் கண்ணாடியைவிடக் கம்பிதான் கண்ணில் படும், ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் மெல்லிய மார்க்கரால் கோடு போட்டு உள்ளிருந்து ஒட்டினால் வேலை முடிந்தது.

கூரை

ஓடுகளைத் தாங்கும் தளத்துக்கு 154க்கு 49 மி.மீ. அளவில் இரண்டு மெல்லிய அட்டைகள் வேண்டும். எல்லாப் பக்கமும் இரண்டடி இறவாரம் நீட்டிக்கொண்டிருக்கும் கணக்கு இது. இவற்றை உச்சியில் சேர்த்து ஒட்டி, சுவர்மேல் ஒட்டாமல் சும்மா உட்காரவையுங்கள். கழற்றக்கூடிய கூரை பிறகு பல முறை கைகொடுக்கும்.

மங்களூர் ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும் என்பதால் வெளியே தெரிவது சுமார் 32 செ.மீ. நீளமும் 21 செ.மீ. அகலமும்தான். நம் அளவில் 3.7க்கு 2.4; கை வசதிக்கு அகலத்தை 2.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தடிமனுக்கு 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை) தாள் ஏறக்குறையச் சரியாக வரும். அட்டையில் ஓடு செய்தால் கூரை தோசைக்கல்லை அடுக்கியதுபோல் கனத்துத் தெரியும்.

முதலில் தாளைப் பழைய துணி மடிப்பின்மேல் விரித்து, பால்பாயின்ட் முனையால் 1.25 மி.மீ. இடைவெளியில் நெடுக்குக் கோடுகள் அழுத்துங்கள். ஓட்டுக்கு இரண்டு பள்ளம் கிடைக்கும். அடுத்து வண்ணம், வெட்டுவதற்கு முன்பே. ஒரே தாளில் செங்காவி, மங்கிய ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பேறிய சிவப்பு என்று திட்டுத் திட்டாக, ஒன்றோடொன்று கலந்து ஓடும்படி பூசுங்கள். உலர்ந்த பிறகு பள்ளங்களுக்குக் குறுக்காக 6 மி.மீ. பட்டைகளாக வெட்டி, சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல் கலைத்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் நிறம் மாறி மாறி வரும். தனித்தனி ஓடாகத் தூரிகை பிடித்தாலும் இந்த இயல்பு வராது.

ஒவ்வொரு பட்டையிலும் கீழ்விளிம்பிலிருந்து 3.7 மி.மீ. ஆழத்துக்கு, 2.5 மி.மீ.க்கு ஒன்றாகக் கத்தரியால் நறுக்குங்கள். ஒட்டுவது எப்போதும் இறவாரத்திலிருந்து உச்சி நோக்கித்தான். தளத்தில் 3.7 மி.மீ.க்கு ஒரு பென்சில் கோடு போட்டுக்கொண்டால் வரிசை கோணாது. பட்டையின் நறுக்காத மேல் ஓரத்தில் மட்டும் பெவிகால் தடவுங்கள். கீழ்ப்பகுதி ஒட்டாமல் லேசாகத் தூக்கி நிற்கும்போதுதான் ஓட்டுக்கு ஓடு நிழல் விழும். ஒரு சரிவுக்குப் பதின்மூன்று வரிசை. இரண்டு சரிவிலும் சேர்த்து 1,600 ஓடுகளுக்கு மேல் வரும். அவசரப்பட வேண்டாம், ஒரு மாலைக்கு மூன்று நான்கு வரிசை ஒட்டினாலே நல்ல வேகம்.

இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில ஓடுகளைக் கிள்ளி நகர்த்திவிடுங்கள். ஓரிரு இடங்களில் பளிச்சென்ற ஆரஞ்சில் புது ஓடு மாற்றியதாகக் காட்டுங்கள். கண்ணாடி ஓடு வைக்க மறக்காதீர்கள். அரசலூரிலிருந்து அல்சூர் வீட்டுக்கு வந்திருந்த என் சித்தி கூரையைப் பார்த்ததும், “உள்ளே வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு எங்கேப்பா?” என்றுதான் கேட்டார். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களின் கண் அங்கேதான் போகும். ஓ.எச்.பி. ஷீட்டில் ஓர் ஓட்டளவு வெட்டி, அடியில் வெளிர் சாம்பல் தடவி ஒட்டினால் போதும்.

உச்சி ஓட்டுக்கு, அதே தாளில் 5 மி.மீ. அகலத் துண்டுகளைப் பல்குத்தும் குச்சிமேல் வளைத்து, ஒன்றன் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும்படி வரிசையாக ஒட்டுங்கள். இணைப்புகளில் அழுக்கு வெள்ளை ஒரு புள்ளி வைத்தால் சுண்ணாம்புச் சாந்து வந்துவிடும்.

பழமை ஏற்றுதல்

பழுப்பும் கறுப்பும் சேர்ந்த நீர்த்த கலவையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். வண்ணம் திட்டாக நிற்காமல் பள்ளத்துக்குள் ஓடும். கூரையில் மேலிருந்து கீழாக மட்டும் தூரிகையை இழுக்க வேண்டும். மழை அப்படித்தான் ஓடுகிறது. மர நிழல் விழும் பக்கம் பாசிக் கறுப்பு கூடுதலாக இருக்கட்டும். கடைசியில், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர் மணல் நிறம் தொட்டு ஓட்டு விளிம்புகளை மட்டும் வருடுங்கள்.

சுவருக்கு ஒரே ஒரு வேலைதான் முக்கியம். இறவாரத் தண்ணீர் செம்மண்ணில் விழுந்து தெறிப்பதால் சுவரின் கீழ் ஓரடியில் சிவப்புக் கறை ஏறியிருக்கும். செங்கல் நிற சாக்பீஸ் தூளை அடியிலிருந்து 3 அல்லது 4 மி.மீ. உயரத்துக்குத் தட்டித் தேயுங்கள். மேல் விளிம்பு நேர்கோடாக இருக்கக்கூடாது.

தளத்தில் வைத்தல்

பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்து. கர்நாடகத்தில் கன்னடம் முதலில். சுற்றிலும் வேலிக்குக் கம்பி வேண்டாம். இந்தப் பக்கத்து வழக்கப்படி கல் பலகைகளை நட்டுவையுங்கள். 14 மி.மீ. உயரத்தில் சாம்பல் அட்டைத் துண்டுகளைச் சற்றே சாய்ந்தும் நிமிர்ந்தும் ஒட்டினால் ஊர் அடையாளம் வந்துவிடும்.

தாழ்ந்த பிளாட்பாரத்தின் உயரம் தண்டவாளத்திலிருந்து 455 மி.மீ., நம் அளவில் 5 மி.மீ.க்குச் சற்று மேல். அதன் விளிம்பை ஒட்டுவதற்கு முன் உங்களிடமுள்ள மிக அகலமான, மிக நீளமான பெட்டியை ஒரு முறை தள்ளிப் பாருங்கள், முக்கியமாக வளைவில்.

விளக்குக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் 3 மி.மீ. மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி. போதும். 12 வோல்ட் அடாப்டர் என்றால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேருங்கள். மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காதீர்கள். ரயில் வேகம் குறையும்போது நிலைய விளக்கும் மங்கும். கட்டடத்தை மேசையோடு ஒட்டிவிடாமல், அடியில் சுற்றிலும் செம்மண்ணைச் சலித்துத் தூவி இடைவெளியை மறைத்தால் போதும். எல்.இ.டி. பழுதானால் நிலையத்தை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம்.